கடல் தரும் காசு கரையில் எவ்வளவு தங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கடல் தொழிலின் வரவு செலவு குறித்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: நெல்லைச் சீமை என்றாலே தாமிரபரணியும் கார், பிசான நெல் சாகுபடியும்தான் பேசப்படுகின்றன. கடல் மீன்பிடிப்பு இந்த வட்டாரத்தின் பொருளாதாரத்துக்கு உண்மையில் எவ்வளவு தருகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

முதலில் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது, வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீண்டு கிடக்கும் கரை அதனுடன் சேர்ந்துவிட்டது. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு எஞ்சியது கூடுதாழை, கூட்டப்பனை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி முதலிய ஊர்கள் அமைந்த ஏறத்தாழ 49 கிலோமீட்டர் கரை மட்டுமே. தூத்துக்குடி மாவட்டக் கரை இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீளமானது. நீங்கள் ‘சீமை’ என்று கேட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்தே விடை சொல்கிறோம்.

நாட்டுக் கணக்கில் பார்த்தால் மீன்வளத்தின் பங்கு சிறியதாகவே தோன்றும். நாட்டின் எல்லாத் தொழில்களும் சேர்ந்து உருவாக்கும் மதிப்பில், அதாவது மொத்த மதிப்புக் கூட்டலில், அது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. அதிலும் பெரும்பகுதி ஆந்திரம் முதலிய மாநிலங்களின் குளங்களிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படும் மீனும் இறாலும்தான். கடல் மீனைத் தனியே எடுத்தால், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2024-இல் இந்தியக் கரைகளில் இறங்கியது சுமார் 34.7 லட்சம் டன். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6.79 லட்சம் டன். குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2010-இல் எடுக்கப்பட்ட கடல் மீனவர் கணக்கெடுப்பு, தமிழகக் கரையில் 573 மீனவக் கிராமங்களையும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களையும் பதிவு செய்தது.

ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு உவரியையோ மணப்பாட்டையோ புரிந்துகொள்ள முடியாது. அம்பாசமுத்திரத்தில் நெல் பொய்த்தால் வாழை உண்டு, வாழை பொய்த்தால் கூலிவேலைக்குப் போகப் பக்கத்து ஊர் உண்டு. கரையூர்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தேரி மணலும் பனையும் முள்ளும். அங்கே டீக்கடை, மளிகைக்கடை, எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை, தையல்காரர், பள்ளிக்கூடக் கட்டணம், கோயில் திருவிழா ஆகிய அனைத்தும் அன்றன்று கரைக்கு வரும் மீனை நம்பியே நடக்கின்றன. மீன் வராத வாரத்தில் மளிகைக்கடையின் கடன் நோட்டு தடித்துவிடும். ஒரு தொழில் ஓர் ஊருக்கு என்ன தருகிறது என்பதை, அது நின்றுபோனால் எத்தனை கடைகள் அடைபடும் என்ற கேள்வியால் அளப்பதுதான் சரியென்று எங்களுக்குப் படுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரையில் இறங்கும் மீனின் மதிப்பு முழுவதும் கரையில் தங்குவதில்லை. டீசலுக்கும் எஞ்சினுக்கும் நைலான் வலைக்கும் போகும் பணம் அன்றே ஊரைவிட்டு வெளியேறிவிடுகிறது. ஐஸுக்குப் போகும் பணம் அருகில் ஐஸ் ஆலை இருந்தால் பாதியாவது வட்டாரத்தில் நிற்கும். இல்லையென்றால் அதுவும் போகும். தொழிலாளியின் பங்கு, ஏலம் கூறுபவர் பிடிக்கும் கழிவு (கமிஷன்), கூடை சுமப்பவரின் கூலி, வலை பின்னுபவர், ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுபவர், கருவாடு போடுபவர், தலைச்சுமையாக மீன் விற்பவர் ஆகியோரின் வருமானம்தான் ஊரில் தங்குவது. ஆகவே ‘எவ்வளவு பிடிபட்டது’ என்பதைவிட ‘எங்கே இறங்கியது, யாருடைய முதலீட்டில் இறங்கியது’ என்பதே பெரிய கேள்வி. கீழே வரும் கேள்விகளில் பலவும் இதைத்தான் தொடுகின்றன.

கேள்வி: எங்கள் கரையில் ஏலம் போகும் சீலா மீன், திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை எங்கோ ஏறிவிடுகிறது. அந்தப் பணம் நடுவில் யார் கைக்குப் போகிறது?
– வாசகி, உவரி

இடைத்தரகர் என்ற ஒரே வசையில் விடையை முடித்துவிடலாம், அது நியாயமாகாது. கரையிலிருந்து எடுக்கும் வியாபாரி ஐஸ் போடுகிறார், பெட்டி கட்டுகிறார், வண்டி வாடகை கொடுக்கிறார், வழியில் எடை குறைவதையும் விற்காமல் மிஞ்சுவதையும் தாங்குகிறார். சந்தையில் கமிஷன் உண்டு, சில்லறைக் கடைக்காரருக்கு வெட்டுக்கூலியும் வாடகையும் உண்டு. வஞ்சிரம் என்று சென்னையில் விற்கும் அதே சீலாவுக்குச் சில்லறைக் கடையில் தலையும் வாலும் போக எஞ்சும் துண்டுக்குத்தான் விலை சொல்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இவ்வளவும் கழித்த பிறகும் கணக்கு உதைப்பது உண்மை. அந்த உதைப்பு தொடங்கும் இடம் சந்தையன்று, உங்கள் கரையிலேயே நடக்கும் ஏலம்.

விடிந்து சற்று நேரத்தில் ஒரு நாட்டுப்படகு கரையேறுகிறது என்று வையுங்கள். நாலைந்து சீலா, ஒரு கூடை பாறைக்குஞ்சு, கொஞ்சம் கலப்பு மீன். சீலாவை மட்டும் தனியே மணலில் கிடத்தி, வாளியில் கடல்நீர் மொண்டு மண் போக ஊற்றுகிறார்கள். வாங்க வந்தவர்கள் குனிந்து செவுளைப் பிரித்து நிறம் பார்க்கிறார்கள்; ஒருவர் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்கிறார். தராசு கிடையாது, கண்மதிப்பில்தான் எல்லாம். ஏலம் கூறுபவர் ஒரு தொகையைச் சொல்லி நூறு நூறாக ஏற்றுகிறார். மூன்றாவது, நான்காவது ஏற்றத்திலேயே குரல்கள் அடங்கிவிடுகின்றன. சரக்கு மட்டம் என்பதால் அடங்கவில்லை. அந்தப் படகுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி கூட்டத்தில் நிற்கிறார். அவர் கேட்ட பிறகு மற்றவர்கள் மரியாதைக்காகவோ, நாளைக்குத் தங்களுக்கும் அந்த மரியாதை வேண்டும் என்பதற்காகவோ ஏற்றிக் கேட்பதில்லை. மொத்தமும் ஒரு நிமிடத்தில் முடிந்து, மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இந்த முன்பணத்துக்குப் பெரும்பாலும் வட்டி என்று ஒன்று சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாத வட்டி மீன் விலையில் கழிகிறது. அல்லது ஏலத் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் பிடிக்கப்படுகிறது. முதலைத் திருப்பிக் கேட்டு யாரும் நெருக்குவதில்லை, ஏனென்றால் முதல் திரும்பினால் மீன் மீதான பிடி போய்விடும். முன்பணம் வாங்கும் மீனவருக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது: கச்சான் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் வீட்டுச் செலவுக்கும், எஞ்சின் இறங்கிப்போனால் அன்றைக்கே பழுதுபார்க்கவும், பிணை கேட்காமல் கைமேல் காசு கொடுப்பவர் அந்த வியாபாரி ஒருவர்தான். வங்கிக்குப் போனால் ஆவணம் கேட்பார்கள். அதற்குள் மீன்பாடு போய்விடும். இதனால்தான் இந்த முறையைத் திட்டுவதால் மட்டும் அது போகவில்லை.

மாற்று இல்லாமலும் இல்லை. கேரளத்துத் தென்கரையில் தொடங்கி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக உருவெடுத்த இயக்கம், கன்னியாகுமரிக் கரையிலும் நம் கரையிலும் பரவியது. அதன் அடிப்படை எளிமையானது: ஏலத்தைச் சங்கமே நடத்தும், எல்லா வியாபாரிகளும் சமமாக நின்று கேட்பார்கள், பணம் தருவது சங்கத்தின் பொறுப்பு, ஒவ்வொரு விற்பனையிலிருந்தும் ஒரு பகுதி சேமிப்பாகவும் ஒரு பகுதி கடன் தவணையாகவும் பிடிக்கப்படும். மீன் கிடைத்த நாளில் கூடுதலாகவும் கிடைக்காத நாளில் ஒன்றுமில்லாமலும் தவணை கழிவதால், மாதாமாதம் ஒரே தொகை கேட்கும் வங்கிக் கடனைவிட இது கடல் தொழிலுக்குப் பொருந்துகிறது. 2018-19 நிதிநிலை அறிக்கையில் உழவர் கடன் அட்டை மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு அளவுக்குக் குறையும். படகைப் பதிவு செய்துவைத்திருப்பவர்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம். உங்கள் ஊரில் சங்கம் இருந்து அது ஏலத்தை நடத்தவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டியது சந்தைக்காரரையன்று, சங்கத்தை.

கேள்வி: மீன்பிடித் தொழிலாளிக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான் என்கிறார்களே. பொருளாதாரம் படிக்கும் எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை.
– கல்லூரி மாணவர், நாங்குநேரி

ஊருக்கு ஊர், படகுக்குப் படகு இது மாறும். விளங்குவதற்காக நாங்களே எடுத்துக்கொண்ட தொகையில் சொல்கிறோம். நான்கு பேர் போன ஒரு ஃபைபர் படகின் அன்றைய விற்பனை 12,000 ரூபாய் என்க. எரிபொருள், ஐஸ், இரை, சாப்பாடு ஆகியவற்றுக்கான 4,000 ரூபாயை முதலில் கழிப்பார்கள். மிச்சம் 8,000. அதில் ஒரு பாதி படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும். மறுபாதி போனவர்களுக்கு, ஆளுக்கு ஆயிரம். படகின் உரிமையாளரான சம்மாட்டியும் உடன் போயிருந்தால் அந்த நால்வரில் ஒருவராக அவருக்கும் ஆயிரம் உண்டு. இதற்கு வெளியே, குழம்புக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் ஏலத்துக்கு முன்பே எடுத்துவைக்கப்படும். கணக்கில் வராத இந்த மீன் ஒரு குடும்பத்தின் உணவுச் செலவில் கணிசமானது.

கவனிக்க வேண்டியது கழிவின் வரிசை. செலவு முதலில் கழிந்து பிறகு பங்கு பிரிவதால், டீசல் விலை ஏறினால் அந்தச் சுமையில் பாதி தொழிலாளியின் தலையில் விழுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு மின்கட்டண உயர்வு சம்பளத்தில் தெரியாது. கடல் தொழிலாளிக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். தமிழக அரசு விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டரும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு ஒன்றுக்கு 4,400 லிட்டரும் விற்பனை வரி இல்லாத டீசல் வழங்குகிறது. படகுக்காரருக்குத் தரும் சலுகை என்று பேசப்படும் இது, மேலே சொன்ன கணக்கின்படி தொழிலாளிக்கும் போய்ச் சேருகிறது. பெரிய விசைப்படகுகளில் உரிமையாளரின் பகுதி பாதிக்கு மேலாக இருப்பதே வழக்கம்; அங்கே முதலீடும் பெரிது.

ஏன் சம்பளம் இல்லை என்பதற்கு விடை கடலின் இயல்பிலேயே இருக்கிறது. பத்து நாள் வெறுங்கையோடு திரும்பி, பதினோராவது நாள் ஒரே இழுப்பில் பத்து நாளுக்குமானதை ஈட்டும் தொழிலில் நிலைச் சம்பளம் கொடுத்தால் முதல் மாதத்திலேயே சம்மாட்டி படகை விற்க வேண்டிவரும். நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்காக எழுந்த முறை இது. அதன் மறுபக்கம், வருங்கால வைப்புநிதி போன்ற எதுவும் இந்தத் தொழிலாளிக்கு இல்லை என்பது.

கேள்வி: தடைக்காலத்தில் மீன் விலை கண்ணைக் கட்டுகிறது. 61 நாட்கள் அவசியமா?
– இல்லத்தரசி, மேலப்பாளையம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017-இல் 61 ஆக நீட்டப்பட்டது. பல மீனினங்கள் சினைப்பட்டு முட்டையிடும் காலத்தில், விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவலையை ஓய்வாக வைப்பது நோக்கம். குமரி மாவட்டத்திலேயே கிழக்குப் பக்கமுள்ள சின்னமுட்டத்துக்கு இந்தத் தேதிகளும், மேற்குப் பக்கமுள்ள குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் பொருந்துவதால், ஓரளவுக்கு ஒரு கரை நிற்கும்போது மறுகரை மீன் வந்துகொண்டிருக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே உங்களுக்குக் கண்ணைக் கட்டும் அதே விலைதான் உவரியிலும் ஆலந்தலையிலும் சிறு படகுக்காரருக்கு ஆண்டின் நல்ல வருமானம். விசைப்படகு வராத அந்த இரண்டு மாதங்களில் அவருடைய ஒரு கூடை மீனுக்கும் போட்டிபோட்டு ஆள் வருகிறது. தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தரப்படுகிறது. விசைப்படகுத் தொழிலாளிக்கு இரண்டு மாதங்களுக்கு அது போதாது என்பதைக் கணக்குப் போடாமலேயே சொல்லலாம்.

கேள்வி: அதிக மீன் பிடிப்பவையும் அந்நியச் செலாவணி ஈட்டுபவையும் விசைப்படகுகள்தான். அவற்றை நாட்டுப்படகுக்காரர்கள் எதிர்ப்பது வளர்ச்சியை எதிர்ப்பதாகாதா?
– ஏற்றுமதி நிறுவன ஊழியர், தூத்துக்குடி

உங்கள் முதல் வாக்கியத்தை மறுக்கவில்லை. 1950-களில் இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தில் நீண்டகரையை மையமாகக் கொண்டு விசைப்படகையும் இழுவலையையும் கொண்டுவந்தது; இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டதும் அந்த முறை தமிழகத் துறைமுகங்களிலும் வேரூன்றியது. தூத்துக்குடி நகரத்தில் ஐஸ் ஆலைகளும் பதப்படுத்தும் ஆலைகளும் படகு கட்டும் தளங்களும் வளர்ந்ததற்கு மீன்பிடித் துறைமுகம் பெரும் காரணம். அங்கே வேலை பார்ப்பவர்களில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாத உள்ளூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஆனால் எதிர்ப்புக்குக் காரணம் பொறாமையன்று. இழுவலை கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை. வேண்டிய இறாலோடும் கணவாயோடும் வேண்டாத பொடிமீனும் குஞ்சும் மடியில் வந்து சேருகின்றன. அந்தக் கழிவு மீன் காய்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. கிலோவுக்குச் சில ரூபாய்க்கு இன்று அரைக்கப்படும் அந்தக் குஞ்சு, ஓர் ஆண்டு விட்டுவைத்தால், மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள்வலையில் நல்ல விலைக்கு விழுந்திருக்கும். கரையோரத்தில் நாட்டுப்படகுக்காரர் விரித்துவைத்த வலையின் மேலே இழுவைப்படகு போனால் வலை கிழிவதோடு நிற்பதில்லை. புதிய வலைக்கு மீண்டும் வியாபாரியிடம் முன்பணம், அந்த முன்பணத்துக்காக மீண்டும் குறைந்த விலை என்று சுழல்கிறது. உவரி வட்டார மீனவர்களுக்கும் சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கும் இடையே நெடுங்காலமாகத் தொடரும் பிணக்கின் உள்ளே இருப்பது இந்த இழப்புக் கணக்கு.

இதை எதிர்பார்த்துத்தான் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. தூத்துக்குடியில் விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதியும் அதே நோக்கத்தில் வந்தது. அந்த விதியால் ஆழ்கடலுக்குப் போய்த் தங்கிப் பிடிக்க முடியவில்லை என்ற விசைப்படகுக்காரரின் குறையிலும் ஓரளவு நியாயம் உண்டு. அருகிலேயே, தருவைகுளத்து மீனவர்கள் இழுவலையை விட்டுச் செவுள்வலையோடு பல நாட்கள் தங்கிச் சூரை முதலிய பெருமீன்களைப் பிடித்துத் திரும்புகிறார்கள். கரையில் நெரிசலைக் கூட்டாமல் ஊருக்கு வருமானம் சேர்க்கும் வழி அது என்பது எங்கள் கருத்து. டீசல் லிட்டர் ஒன்றுக்கு எத்தனை பேருக்குப் பிழைப்பு என்று கேட்டால் சிறு படகே முந்தும். டன் கணக்கில் கேட்டால் விசைப்படகு முந்தும். வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது விடை.

கேள்வி: அமெரிக்கா வரியை ஏற்றியதால் நம் கரை இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் விலை விழுமா?
– வியாபாரி, இடிந்தகரை

2023-24-இல் இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய்; அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 40,000 கோடி, உறைய வைத்த இறால். அதிகம் வாங்கியது அமெரிக்கா. ஆனால் அந்த இறாலில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்த வெனாமி என்னும் இனம். இந்தியக் கடலில் வலைபோட்டுப் பிடித்த இறாலை அமெரிக்கா 2019-இலிருந்தே வாங்குவதில்லை. இழுவலையில் சிக்கும் ஆமை தப்பிப் போவதற்கான கருவி நம் படகுகளில் பொருத்தப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆகவே 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடாக ஏற்றப்பட்ட வரி, கடல் இறாலை நேரடியாகத் தொடவில்லை. அந்தக் கதவு முன்பே அடைபட்டிருந்தது. ஆனால் விற்காத பண்ணை இறால் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பினால் கடல் இறாலின் விலையையும் சேர்த்து இழுத்துவிடும். பதப்படுத்தும் ஆலையில் வேலைநாள் குறைந்தால் அது தூத்துக்குடியில் கூலியை நம்பி வாழும் வீடுகளில் தெரியும்.

சிங்கி இறாலின் (லாப்ஸ்டர்) கதை வேறு. இடிந்தகரை, கூத்தங்குழிப் பகுதியின் பாறை நிலத்தில் சிங்கி வலைக்கு விழும் இந்த இறாலுக்கு உயிரோடு இருக்கும் வரைதான் உயர்ந்த விலை. அது கிழக்காசிய நாடுகளுக்கு விமானத்தில் போகும் சரக்கு. மீசை ஒடிந்தாலும் கால் போனாலும் தரம் இறங்கும். செத்துவிட்டால் விலை பாதிக்கும் கீழே போகும். அதனால்தான் வலையிலிருந்து அதை எடுப்பவர் இழுக்காமல், ஒவ்வொரு காலாக நூலை விலக்கி எடுக்கிறார். இனத்துக்கு ஏற்பக் குறைந்தபட்ச எடைக்குக் கீழான சிங்கி இறாலை ஏற்றுமதி செய்ய 2003-இலேயே மத்திய அரசு தடை விதித்துள்ளது. அந்த எடை வராத சிறியவையும் முட்டை சுமக்கும் தாய்களும் உள்ளூர்ச் சந்தையில் விற்கப்படுவதை உங்களைப் போன்ற வியாபாரிகள் வாங்க மறுத்தால்தான் நிறுத்த முடியும். மீன்வளத் துறையால் ஒவ்வொரு கரையிலும் ஆள் நிறுத்த இயலாது.

கேள்வி: மீன் விற்கும் பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலாவது வருகிறதா?
– வாசகி, வள்ளியூர்

ஏலம் வரையுள்ள கணக்கில் வருவதில்லை. சிறு படகின் மீனில் ஏற்றுமதிக்கும் பெருவியாபாரிக்கும் போகாத சாளை, நெத்திலி, காரல் ஆகியவற்றை ஏலத்தில் எடுத்து வள்ளியூர், திசையன்விளை, நாங்குநேரி வரை கொண்டுபோய் விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் காலையில் கடன் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பித் தருகிறார்கள். ஒரு நாள் வட்டி என்பதால் சிறிதாகத் தெரிவது, ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எந்த வங்கியும் கேட்கத் துணியாத அளவு. 2021 மே முதல் நகர, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது இவர்களுடைய தினச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தது உண்மை. ஆனால் கூடையோடு ஏறவிடாத நடத்துநர் அமைந்துவிட்டால் ஆட்டோவுக்குத்தான் போக வேண்டும்.

அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவ மகளிருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 1,500 ரூபாய் அவர்கள் செலுத்தினால் அரசின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்பும். இதைத் தாண்டி, மீன் இறங்கும் கரையில் நிழலும் தண்ணீரும், விற்கும் சந்தையில் உட்கார ஒரு மேடையும் கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்களின் வயது பல ஊர்களில் இருபதைத் தாண்டும். அவை பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல.

கேள்வி: ஊர் ஊராகத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடுகிறார்களே, அதனால் வருமானம் கூடுமா?
– வாசகர், திருச்செந்தூர்

தூண்டில் வளைவு என்பது கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தடுப்பு. அதனால் வருமானம் கூடும் என்பதைவிட, இருப்பது போகாமல் நிற்கும் என்பதே பொருத்தம். அமலிநகர், பெரியதாழை, கூடுதாழை, உவரி போன்ற ஊர்களில் கடலரிப்பு மணற்பரப்பைத் தின்றுவிட்டது. ஃபைபர் படகை இழுத்து ஏற்றவும், வலையைக் காயவைக்கவும், ஏலம் நடத்தவும் மணல் வேண்டும். அது இல்லாத ஊரின் படகுகள் பக்கத்து ஊரில் கரையேறுகின்றன. படகு எங்கே ஏறுகிறதோ அங்கேதான் ஏலம், ஏலம் எங்கேயோ அங்கேதான் கழிவும் கூலியும் டீக்கடை வியாபாரமும், ஊர்க்கோயிலுக்குச் சேரும் பங்கும். இதனால் மணலோடு சேர்ந்து ஓர் ஊரின் வரவும் நகர்ந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அதன் ஒருபக்கம் மணல் சேர்ந்து மறுபக்கத்து ஊரில் அரிப்பு கூடுகிறது; அந்த ஊரும் வளைவு கேட்கிறது. ஊருக்கு ஒன்றாகக் கொடுப்பதைவிட, மணல் ஆண்டு முழுவதும் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கரை முழுவதற்கும் அளந்துவிட்டு அமைப்பதே செலவுக்கும் நல்லது. அதுவரை காத்திருங்கள் என்று வீட்டுச் சுவரில் அலை அடிக்கும் ஊரிடம் சொல்வது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

கேள்வி: விற்காத மீனைக் கருவாடாக்கினால் லாபம் உண்டா? உப்பு நம் ஊரிலேயே கிடைக்கிறதே.
– வாசகர், ஆறுமுகநேரி

உண்டு, ஆனால் ‘விற்காத மீன்’ என்று தொடங்கினால் இல்லை. கெட்டுப்போகத் தொடங்கிய பிறகு உப்பில் போடும் மீன் இரண்டாம் தரக் கருவாடுதான் ஆகும். வரத்து மிகுந்து விலை சரியும் நாளில், புதிதாக இருக்கும்போதே வாங்கி, வெட்டிக் கழுவி, தொட்டியில் உப்பிட்டு, மணலில் அல்லாமல் உயரமான வலைப்பந்தலில் உலர்த்துபவருக்கே லாபம். மணலில் காய்ந்ததும் பந்தலில் காய்ந்ததும் ஒரே மீனானாலும் வாங்குபவர் கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவார். சூரையை அவித்து, புகையிட்டு, கட்டையாக உலர்த்தும் மாசிக் கருவாட்டுக்கு இலங்கையில் நிலையான கிராக்கி உண்டு. தூத்துக்குடியில் அதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் உப்பு மலிவுதான். ஆனால் இந்தத் தொழிலில் முதலீடு முடங்குவது உப்பில் அன்று, மீன் மலிவாக வரும் அந்த ஓரிரு நாட்களில் கையில் வைத்திருக்க வேண்டிய ரொக்கத்தில். அதை முன்பணமாக வியாபாரியிடம் வாங்கிவிட்டால், இரண்டாம் கேள்விக்கு எழுதிய விடை உங்களுக்கும் பொருந்தும்.